பொய் அம்மைக்குப் படுத்தவள்

என் கால்களில் ஒரு கோளாறும் இல்லை என்று பட்டணத்து டாக்டர்கள் சொன்னார்கள். எலும்பு நன்றாக இருக்கிறது, நரம்பு நன்றாக இருக்கிறது, ரத்தம் ஓடுகிறது. ஆனால் நான் படுத்த பாயிலிருந்து எழுந்து நிற்க முடியாமல் கிடந்தேன். இப்படிக் கிடந்தவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை. எங்கள் பாகூர்ப் பக்கத்திலும் வில்லியனூர்ப் பக்கத்திலும் அந்தத் தேர்தல் வருஷத்துக்குப் பிறகு வாய் பேசாமல் போனவர்கள், சோறு இறங்காமல் போனவர்கள், கதவுக்கு முதுகு காட்டி உட்கார முடியாதவர்கள் எத்தனையோ பேர். அவர்களைப் பேய் பிடித்தது என்று வேப்பங்குழையால் அடிக்கிறார்கள், இல்லாவிட்டால் வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறாள் என்று திட்டுகிறார்கள். அவர்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த யாராவது இருந்தால் இதைப் படிக்கட்டும். எனக்குக் கன்னியர் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புப் படிப்பு உண்டு. அது போதும்.

எங்கள் ஊர் பாகூர் ஏரிக்குக் கிழக்கே. எங்கள் கரும்புக் கொல்லையை ஒட்டி ஒரு வாய்க்கால். இந்தக் கரை பிரெஞ்சுக்காரன் மண், அந்தக் கரை இங்கிலீஷ்காரன் மண். தேர்தல் வந்து அடிதடி என்றால் எங்கள் ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டிவிடுவார்கள். எல்லாம் ஓய்ந்த பிறகு ஒன்றும் நடக்காதது போலத் திரும்பி வருவார்கள். பெண்களுக்கு அப்போது ஓட்டும் கிடையாது, ஓட்டமும் கிடையாது. அடி மட்டும் உண்டு.

அந்தத் தேர்தலில் எங்கள் வீட்டுக்காரர் ஒரு கட்சிக்காக ஓட்டுச்சாவடியில் உட்கார ஒப்புக்கொண்டிருந்தார். எந்தக் கட்சி என்று எழுதமாட்டேன். கட்சிகள் பெயரை மாற்றிக்கொள்கின்றன, தடி மட்டும் அதேதான். மற்றக் கட்சி ஆட்கள் அவரைத் தேடி வருகிறார்கள் என்று காலையிலேயே செய்தி வந்தது. இந்த முறை வாய்க்கால் கரையிலும் ஆள் நிறுத்தியிருந்தார்கள். ஓட வழியில்லை.

என் மாமியார்தான் யோசனை சொன்னாள். அம்மை கண்ட வீட்டுக்குள் எந்த ரவுடியும் கால் வைக்கமாட்டான். பெரியம்மை எங்களுக்கு நோய் இல்லை, ஆத்தாளே வீட்டுக்கு வந்து தங்குவது. பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்காவின் வேப்பமரத்தில் குழை ஒடித்து வாசலில் செருகினார்கள். மஞ்சளையும் அவள் அம்மியில் அவளேதான் அரைத்துக் கொடுத்தாள். என் முகத்திலும் கையிலும் அப்பி, பாயில் வேப்பிலை பரப்பி என்னைப் படுக்கவைத்தார்கள். வீட்டுக்காரர் என் தலைமாட்டில் இருந்த குதிருக்குள் இறங்கி, நெல்லின்மேல் குந்திக்கொண்டார்.

உச்சிப்பொழுதில் வந்தார்கள். வாசலில் வேப்பிலையைப் பார்த்ததும் தடிச் சத்தம் நின்றது.

"உள்ள யாருக்கு?" என்று ஒருவன் கேட்டான்.

"மருமவளுக்குப்பா. முத்து இன்னும் எறங்கல. சத்தம் போடாதீங்க, அம்மா கோச்சுக்குவா" என்றாள் மாமியார்.

வீடு கொளுத்த வந்த அந்த ஆள், தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டான். "தெரியாம வந்துட்டோம் ஆத்தா" என்று சொல்லிவிட்டுப் போனான். அவ்வளவு பக்தி. பக்தியோடு நேராகப் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தார்கள்.

செல்லம்மா அக்காவின் புருஷன் பட்டணத்துப் பஞ்சாலையில் வேலை செய்கிறவர், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். வீட்டில் அவளும் அவள் பிள்ளை கண்ணையனும் மட்டும். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரே மண்சுவர். அவர்கள் கூரை ஓலை, எங்களுடையது ஓடு. எல்லாம் கேட்டது. "அவன எங்கடி ஒளிச்சு வச்சிருக்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அடி விழும் சத்தம் கேட்டது. "எம் புள்ளய வுட்ருங்கடா" என்று அவள் கத்தினாள். பிறகு கூரை பற்றிக்கொண்ட படபடச் சத்தம்.

நான் கையை ஊன்றினேன். மாமியார் என் இரண்டு தொடையின் மேலும் கையை வைத்து, தன் பாரம் முழுவதையும் இறக்கி அழுத்தினாள். "எழுந்தீன்னா அவன் தல போயிடும்டி. படு" என்றாள். படுத்தேன். குதிருக்குள்ளிருந்து மூச்சுச் சத்தம்கூட வரவில்லை.

செல்லம்மா அக்காவுக்கு எல்லாம் தெரியும். அம்மை பொய், ஆள் குதிருக்குள் இருக்கிறான் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் கை உடைந்திருக்காது, வீடும் எரிந்திருக்காது. அவள் சொல்லவில்லை.

மறுநாளே நான் எழுந்து நடமாடினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று மாமியார் சொன்னாள். ஆகவே உண்மையான அம்மைக்கு உள்ள எல்லா முறையும் எனக்கும் நடந்தது. வீட்டில் தாளிக்கவில்லை, தலை வாரவில்லை, வந்தவர்களை வா என்று கூப்பிடவுமில்லை. முறைப்படி தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். கடைசித் தண்ணீர் ஊற்றி முடித்து, "சரி, எழுந்துக்கோ" என்றார்கள். எழுந்தேன் என்றுதான் நினைத்தேன். இடுப்புக்கு மேலே உள்ளது எழுந்தது. கீழே இருந்தது யாருடையதோ போல அப்படியே கிடந்தது.

"விளையாடாதடி" என்றாள் மாமியார். நான் அழுததைப் பார்த்த பிறகுதான் அவள் முகம் மாறியது.

இதற்குள் உண்மையான அம்மை வந்துவிட்டது. செல்லம்மா அக்கா வீட்டைப் போல அன்று கூரை எரிந்த குடும்பங்கள் ஏரிக்கரையில் ஓலைக் கொட்டகைக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக அடைந்து கிடந்தன. அங்கேதான் முதலில் இறங்கியது. பிறகு ஊர் ஊராகப் போயிற்று. அம்மை குத்த வந்தவர்களைக் கண்டு ஜனங்கள் கொல்லைக்குள் ஓடினார்கள். எனக்குச் சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தில் குத்தியிருந்தது, தோளில் தழும்பு இருக்கிறது. அதனால் என்னைத் தொடவில்லை. ஊருக்கு அது தெரியாதே. ஒரு வடுவும் வைக்காமல் ஆத்தா இவளை விட்டுப் போனாள், போகும்போது காலை மட்டும் தன்னுடையது என்று வைத்துக்கொண்டாள் என்று சொன்னார்கள். என்னைத் தூக்கி உட்காரவைத்து என் கையால் திருநீறு வாங்கினார்கள்.

"எம் புள்ளைக்கும் தழும்பு வுழாம சொல்லு தாயீ" என்று ஒருத்தி காய்ச்சலில் கொதிக்கும் குழந்தையை என் மடியில் போட்டாள். திருநீறு கொடுத்தேன். அம்மை பொய் என்று சொன்னால் வீட்டுக்காரரைக் காட்டிக்கொடுத்ததாகும். அடித்தவர்கள்தான் தேர்தலில் ஜெயித்திருந்தார்கள். அந்தக் குழந்தை பிழைத்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

தூக்கம் போயிற்று. அடுப்பில் கடுகு வெடித்தால் கூரை எரிவதாகக் கேட்டது. செல்லம்மா அக்காவைப் பார்க்க வேண்டும் என்று மனம் கிடந்து துடித்தது. கால் வந்துவிட்டால் போய்ப் பார்த்தே தீரவேண்டுமே என்ற பயமும் கூடவே இருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் கிடந்தேன். இதை அப்போது யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

கடைசியில் வீட்டுக்காரர் யாரையும் கேட்காமல் வண்டி கட்டினார். "ஆத்தா புடிச்ச கால ஊசி போட்டு எடுக்கப் போறியா?" என்று மாமியார் கத்தினாள். அவர் என்னைத் தூக்கி வண்டியில் படுக்கவைத்தார். தவளக்குப்பத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நிறுத்தியபோது, பையிலிருந்து சீப்பை எடுத்து என் சடை பிடித்த தலையை வாரத் தொடங்கினார். ஆண்பிள்ளை வாரும் வாரல், பாதி முடி கையோடு போயிற்று. போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்துச் சிரித்தார்கள். "பட்டணத்துக்குப் போறோம், பிச்சக்காரி மாரி இருந்தா உள்ள வுடமாட்டானுங்க" என்றார். குதிரில் குந்தியிருந்ததைப் பற்றி அவர் என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை. அவர் பேசியது அந்தச் சீப்பால்தான் என்று எனக்குப் பட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் சிப்பாய் வண்டியை மறித்தான். "அம்மையா?"

"இல்லீங்க."

"பின்ன ஏன் படுத்துக்கினு வருது?"

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. பதில் இல்லாத நோயோடு வருகிறவர்கள் உட்காரும் இடம் நீளமான ஒரு தாழ்வாரம். அம்மை கண்டவர்களைத் தோட்டத்துக் கடைசியில் தனிக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, யாராவது சொறிந்தால் தள்ளி உட்கார்ந்துகொண்டு காத்திருந்தோம். பொழுது சாயும் நேரத்தில்தான் கூப்பிட்டார்கள்.

டாக்டர் தமிழர்தான். பிரான்சில் படித்தவர். சின்ன ரப்பர் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் துள்ளியது. தட்டினால் துள்ளுவது நல்லதாம், நரம்பு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமாம். உள்ளங்காலில் சாவியால் கீறினார். தொடையில் ஊசியால் குத்தினார், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் முதுகெலும்புக்கு நடுவே நீள ஊசியை இறக்கித் தண்ணீர் எடுத்தார்கள். மூளையையும் முதுகுத் தண்டையும் சுற்றி ஒரு நீர் இருக்கிறது, அதில் சீழோ வேறு கோளாறோ இருந்தால் இதில் தெரிந்துவிடும் என்று விளக்கினார்கள். அன்று முழுக்கத் தலை பிளந்தது. நீர் தெளிவாக இருந்தது.

மின்சாரப் பெட்டியும் வைத்தார்கள். அதிலிருந்து வரும் கம்பியைச் சதையில் தொட்டால் சதை தானாகச் சுருங்கும். என் கால் தூக்கிப் போட்டது. பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர், "நடக்குது, நடக்குது!" என்று கூவிவிட்டார். கம்பியை எடுத்ததும் கால் தொப்பென்று விழுந்தது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு டாக்டர் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ பொய் சொல்றேன்னு நான் சொல்லமாட்டேன்மா. பெரிய சண்டையிலே நான் பிரான்சிலே வேலை பார்த்தேன். அங்கே குண்டே படாத சொல்தா, பட்டாளத்துக்காரன், கண்ணு தெரியலேம்பான். காயமே இல்லாதவன் கை தூக்க முடியலேம்பான். தாங்க முடியாத ஒண்ணை மனசு பார்த்துட்டா, உடம்பிலே ஒரு இடத்தைப் பூட்டிப்புடும். சாவி எங்கேன்னு பூட்டினவங்களுக்கே தெரியாது. உனக்கு என்ன ஆச்சு?"

சொல்லிவிட்டேன். சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் பொறுமையாகக் கேட்டார். "இதிலே உன் தப்பு ஒண்ணும் இல்லை. நீ எழுந்திருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது" என்றார். என்னைப் பார்த்துக்கொண்ட மாசேரும் அதையே சொன்னார். கன்னியாஸ்திரீகளை நாங்கள் மாசேர் என்றுதான் கூப்பிடுவோம். வீட்டுக்காரரும் தரையைப் பார்த்துக்கொண்டு அதையே சொன்னார். தப்பில்லை, தப்பில்லை என்று எல்லோரும் சொல்லச் சொல்ல என் கால் இன்னும் கனத்தது. நல்ல மனிதர்கள் என்மேல் மறுபடியும் கை வைத்து அழுத்துவது போல இருந்தது.

என்னைப் படுக்கவைத்திருந்த பெண்கள் கூடத்தில், பக்கத்துக் கட்டிலில் வில்லியனூரிலிருந்து வந்த மரியம்மாள் என்பவள் இருந்தாள். அம்மையில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். கையைக் கழுவிக்கொண்டே இருப்பாள், தோல் உரிந்து ரத்தம் கசியும் வரை. அவளைத் தடுத்தால் அலறுவாள். எனக்குக் கால் இல்லாதது போல அவளுக்குக் கைக்கு ஓய்வு இல்லை. விளக்கைத் தணித்த பிறகு கூடத்தில் யாரும் தூங்கமாட்டார்கள். தோட்டத்துக் கொட்டகையிலிருந்து செத்தவரைக் கட்டிலோடு தூக்கிப் போகும் சத்தம் கேட்கும்போதெல்லாம் மரியம்மாள் ஜெபத்தை நிறுத்தி, யார் வீட்டுப் பிள்ளையோ என்பாள்.

வீட்டுக்காரர் ஊருக்குப் போய் வந்தபோதெல்லாம் அவல் இடித்துக் கொண்டுவருவார். ஒரு தடவை வந்தவர் அவல் மூட்டையைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாங்க?" என்றேன்.

"கண்ணையன் போயிட்டான்மே. ஏரிக்கரைக் கொட்டாயில. அவங்கம்மாவுக்கும் அம்ம போட்டிருக்கு. இங்கதான் இட்டாந்திருக்காங்க, தோட்டத்துப் பக்கம்."

அன்று முழுவதும் முகத்தைச் சீலையால் மூடிக்கொண்டு கிடந்தேன். அவள் வீடு எரியாமல் இருந்தால் அந்தப் பிள்ளை ஏரிக்கரைக்குப் போயிருக்காது. இதை எனக்கு யாரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

செல்லம்மா அக்கா பிழைத்தாள். பொருக்கு உதிர்ந்த பிறகு, கண்ணில் புண் இருந்ததால் அவளைப் பெண்கள் கூடத்துக்கு மாற்றினார்கள். மரியம்மாளை அவள் அண்ணன் அழைத்துப் போயிருந்தான். அந்தக் கட்டில்தான் காலியாக இருந்தது. முகம் முழுக்கக் குழி. ஒரு கண் வெள்ளையாகிவிட்டது. உடைந்த கை கோணலாகவே கூடியிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள், பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்படியே சில நாள் போயிற்று. கால் இருந்திருந்தால் நான் ஓடிப்போயிருப்பேன். எனக்குக் கால் இல்லாமல் போனது அதற்குத்தான் போல.

ஒரு நாள் மத்தியானம், கஞ்சி ஊற்றிவிட்டு மாசேர் போன பிறகு, எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா. அன்னைக்கு நான் எழுந்து வந்திருந்தா மட்டும் இன்னா ஆயிருக்கும்க்கா?"

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஒண்ணும் ஆயிருக்காது. உன்னையும் ரெண்டு சாத்தியிருப்பானுங்க. உன் புருசன இழுத்துப் போட்டு வெட்டியிருப்பானுங்க."

எல்லோரும் சொன்னதுதான். அவள் இன்னும் முடிக்கவில்லை.

"ஆனா வந்திருக்கணும்டி தனம்."

நான் முழங்கையை ஊன்றி அவள் பக்கம் திரும்பினேன்.

"நான் உங்களுக்காவதான வாய மூடிக்கினு கெடந்தேன்? எங் கையி ஒடஞ்சப்ப, செவுத்துக்கு அந்தாண்ட இருந்து உங் கொரல் கேக்கும்னு பாத்தேன். வெளிய வரவேணாம். ஐயோன்னு ஒரு கொரல். அதுகூட வரலியேடி."

"ஆமாங்க்கா" என்றேன். "வந்திருக்கணும்."

பிறகு நான் அழுதேன். அவளும் அழுதாள், ஆனால் என்னோடு சேர்ந்து அழவில்லை. அவள் அழுதது கண்ணையனுக்காக. இரண்டு கட்டிலில் இரண்டு பேரும் தனித்தனியாக அழுதோம்.

மறுநாள் காலையில் மாசேர் என்னைப் புரட்டித் துடைத்தபோது வலது கால் கட்டைவிரல் அசைந்தது. அவர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு டாக்டரைக் கூப்பிட ஓடினார். மின்சாரம் வேலை செய்கிறது என்று டாக்டர் சந்தோஷப்பட்டார். இருக்கலாம், நான் மறுத்துப் பேசவில்லை. ஆனால் நான் நம்புவதை எழுதிவிடுகிறேன். எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் எல்லோரும் அவள் வீடு எரிந்த மத்தியானத்தை மூடிவிடச் சொன்னார்கள். அவள் ஒருத்திதான் அதைத் திறந்து, நான் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று காட்டினாள். உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் கிடந்தால், ஒன்றும் நடக்கவில்லை என்று மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள்.

கால் முழுதாக வரவில்லை. இப்போதும் தடி ஊன்றித்தான் நடக்கிறேன். செல்லம்மா அக்கா பழைய இடத்திலேயே கூரை போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அவள் கையால் தண்ணீர் சேந்த முடியாது. நான் காலையில் போய் ஒரு கையில் தடியும் மறு கையில் குடமுமாகத் தத்தித் தத்தி நிரப்பிவிட்டு வருவேன். என்னை உட்கார் என்று அவள் சொன்னதில்லை, வேண்டாம் என்றும் சொன்னதில்லை. மாமியாரோடு அவள் பேசுவதே இல்லை. மாமியாருக்கும் இப்போது தூக்கம் வருவதில்லை, எழுந்து எழுந்து தாழ்ப்பாளைத் தடவிப் பார்க்கிறாள். அவளையும் பட்டணத்துக்கு அழைத்துப் போகவேண்டும்.

நேற்று தெருவில் தண்டோரா போட்டார்கள். மறுபடியும் தேர்தலாம். நான் செல்லம்மா அக்காவின் கிணற்றடியில் நின்றிருந்தேன். முழங்காலுக்குக் கீழே சில்லிட்டது. கயிற்றை விட்டுவிட்டுத் தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள் வாசலில் வந்து நின்று, தண்டோராக்காரன் போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நல்ல கண்ணை என்மேல் வைத்து, "இந்த வாட்டி கொரல் குடுப்பியாடி?" என்று கேட்டாள்.

வாயைத் திறந்தேன். அவள் அவசரப்படவில்லை, பதிலுக்காக அப்படியே நின்றாள்.

"குடுக்கிறேங்க்கா!" என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் எல்லோரும் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.